இருபதாவது பாட்டில்

தொண்ணூற்றொன்பது புள்ளி மூன்று ஏழு. இந்த எண்ணைத் தசமம் ஒரு வாரமாக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான். ஆய்வுக்கூடத்து வெள்ளைப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி, சுற்றிப் பெட்டி கட்டி, "அழிக்க வேண்டாம்" என்று கீழே ஒரு வரியும் சேர்த்திருந்தான். துப்புரவுப் பணிப்பெண் பலகையைத் துடைக்க வந்தபோது இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றான்.

தசமம் என்பது வகுப்பு அவனுக்கு வைத்த பெயர். மணி என்ன என்று கேட்டால்கூடப் புள்ளி வைத்துத்தான் பதில் வரும். அவனோடு சேர்ந்து இறுதித் திட்டம் செய்தவள் மற்ற மாணவர்களைவிடப் பதினைந்து வயது மூத்தவள். அவளைப் பாட்டிலக்கா என்றார்கள். முதல் மாதம் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், இரண்டாம் மாதம் முகத்துக்கு நேரே சொன்னார்கள், மூன்றாம் மாதத்திலிருந்து பேராசிரியர்களே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. பதினோரு ஆண்டுகள் கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்தவளை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்?

அங்கே அவள் வேலை பார்ப்பதுதான். சும்மா சொல்லவில்லை, பார்ப்பதே வேலை. சூளையிலிருந்து வரும் பாட்டில்கள் ஆறிய பிறகு வரிசையாக நகர்ந்து வரும். விளக்குப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்த பெண்கள் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, விரிசல் உண்டா, குமிழி உண்டா, கல் துகள் உண்டா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். ஊசி முனை அளவு குமிழியைக்கூட அவள் தப்பவிட்டதில்லை. பதினோராவது ஆண்டுக் கண் பரிசோதனையில் இடது கண் மங்கிவிட்டது என்று மருத்துவர் எழுதினார். மறுநாளே அவளை அட்டைப்பெட்டி மடிக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

மூன்று மாதம் பெட்டி மடித்தாள். தட்டையான அட்டை, நாலு மடிப்பு, ஒரு பெட்டி. அப்போதுதான் தொழிற்சாலையில் கேமரா அறை ஒன்று வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. பாட்டிலைக் கேமரா படம் எடுக்கும். நல்லதா கெட்டதா என்று கணினியே சொல்லிவிடும். அவள் நேரே மேலாளரின் அறைக்குப் போனாள்.

"அந்த அறையை யாரு சார் பாத்துப்பாங்க?"

"படிச்சவங்க யாராவது வருவாங்கம்மா."

"படிச்சுட்டு நானே வந்தா?"

மேலாளர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அஞ்சல் வழியில் வாங்கிய அறிவியல் பட்டம் ஒன்று பெட்டிக்கடியில் கிடக்கிறது, அதை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் கணினிப் பார்வை என்கிற மேற்படிப்பில் சேர முடியும், இரண்டு ஆண்டு விடுப்புத் தாருங்கள் என்றாள். கேமரா வந்து சேரவே இரண்டு ஆண்டு ஆகும் என்பதால் அவரும் தலையாட்டினார். "சரி. ரெண்டு வருஷம் முடியறப்ப கையில சான்றிதழ் இருந்தா அறைச் சாவி உனக்கு. இல்லேன்னா வேற ஆளு. அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது." அதை அப்படியே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். எதையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது அவள் வழக்கம்.

இப்போது அந்த இரண்டு ஆண்டு முடிய ஒரு மாதம்கூட இல்லை. மிச்சமிருந்தது இறுதித் திட்டம் ஒன்றுதான். அதில் தேறினால் பார்க்கிற வேலை. தவறினால் மறுபடி நாலு மடிப்பு, ஒரு பெட்டி.

திட்டம் என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இருநூறு பாட்டில்களைத் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்து வெள்ளை விளக்குக்கு முன்னால் நிறுத்தி, அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, தசமம் படம் எடுத்தான். நூறு நல்லது, நூறு கெட்டது. ஒவ்வொன்றையும் எட்டு முறை எடுத்து எடுத்து வைத்தார்கள். அந்தப் படங்களில் ஒரு பகுதியைக் காட்டிக் கணினிக்குப் பழக்கினார்கள். மீதியைக் கொண்டு சோதித்தார்கள். அப்போது வந்ததுதான் அந்தத் தொண்ணூற்றொன்பது புள்ளி மூன்று ஏழு.

தேர்வு விதி எளிமையானது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் தன் கைப்பட இருபது பாட்டில் கொண்டுவருவார். அதில் பதினெட்டையாவது நிரல் சரியாகச் சொல்ல வேண்டும்.

"கவலையே படாதீங்கக்கா" என்றான் தசமம். "நம்ம கணக்குப்படி இருபதுல பூஜ்யம் புள்ளி ஒண்ணு ரெண்டு ஆறு பாட்டில்தான் தப்பாகும்."

"அரைக்கால் பாட்டிலா? அவரு முழுசா கொண்டுவந்தா என்னடா பண்ணுவ?"

தேர்வாளர் முழுசாகத்தான் கொண்டுவந்தார். நெட்டையான மனிதர். தொழிற்சாலைகளுக்குக் கேமரா பொருத்திக் கொடுப்பது அவர் தொழில். இருபது குழி வைத்த மரப்பெட்டி ஒன்றை வீணை தூக்கி வருவதுபோல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வந்தார். எது நல்லது எது கெட்டது என்ற பட்டியல் அவர் சட்டைப்பையில் இருந்தது. துறைத் தலைவி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். மாணவர் கூட்டம் ஒன்று சுவரோடு சுவராக நின்றது.

முதல் பாட்டிலை வைத்தார். திரை சிவந்தது: கெட்டது. அவர் பட்டியலைப் பார்த்து, "நல்லது" என்றார். இரண்டாவதும் சிவந்தது. அதுவும் நல்ல பாட்டில். மூன்றாவது பச்சை காட்டியது. அதில் அடியிலிருந்து விரல் நீளத்துக்கு விரிசல், கடைசி வரிசையில் நின்றவனுக்கே தெரிந்தது. தசமத்தின் உதடு ஏதோ எண்ணை முணுமுணுத்து, பிறகு அதையும் நிறுத்திக்கொண்டது. இருபதும் முடிந்தபோது எட்டுதான் சரி.

"ஏம்மா, நல்லதைக் காட்டினாலும் குறை சொல்றதுக்குக் கேமரா எதுக்கு? எங்க மாமியாரே போதுமே" என்றார் தேர்வாளர்.

எல்லோரும் சிரித்தார்கள். மரியாதைக்கு அவளும் சிரித்தாள். ஆனால் முகம் சுண்டிப்போயிருந்தது அவளுக்கே தெரிந்தது. துறைத் தலைவி பேனாவை மூடினார். "இன்னியிலேருந்து பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை. இன்னொரு வாய்ப்பு தரேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். பல்கலைக்கழக வாசலைத் தொட்டுக்கொண்டு போகும் தடம் அவருடையது. சாயங்கால வண்டியில் ஓட்டுநருக்குப் பின்னிருக்கைதான் அவளுக்கு வழக்கமான இடம். அன்று அவள் ஏறியதைக் கண்ணாடியில் பார்த்தவர், கடைசி நிறுத்தம் வரை ஒருமுறைகூட ஒலிப்பான் அடிக்காமல் ஓட்டினார். அவளிடம் எதையும் துருவாமல் இருக்க வேண்டிய நாள்களில் அவர் அப்படித்தான் ஓட்டுவார்.

எங்கே தவறியது? தசமம் தனக்குத் தெரிந்த காரணத்தைச் சொன்னான்: நிரலின் மூளை சிறியது, பெரியதாகப் போட வேண்டும். அவளுக்கு அது சரியாகப் படவில்லை. எட்டு மாதமாக ஆய்வுக்கூடத்தில் கிடந்து பாட்டில்களில் தூசி ஏறிவிட்டது, தேர்வாளருடையவை பளபளவென்று இருந்தன, கேடு அதில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஆகவே பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் இரண்டு தொட்டி நீர் நிரப்பினாள். நல்ல பாட்டில்களை முதலில் எடுத்து அவள் கழுவ, கணவர் துடைத்து மேடையில் வைத்தார்.

"டிப்போவுல பஸ்ஸைக் கழுவுன்னு சொன்னப்ப, அதுக்கு வேற ஆள் பாருன்னு சண்டை போட்டவன் நான். இங்க பாட்டில் தொடைச்சுட்டு இருக்கேன். இது வெளிய தெரிஞ்சா என் மானம் என்ன ஆகும்?"

"தெரியாம பாத்துக்கறேன். அந்தப் பக்கம் ஈரம் இருக்கு பாருங்க."

இருபது முப்பது பாட்டில் துடைத்திருப்பார். திடீரென்று துண்டை மேடையில் போட்டார்.

"இந்தா பாரு. நான் வெச்சது உனக்குப் பிடிக்கலேன்னா வாயைத் திறந்து சொல்லு. வெக்க வெக்கத் திருப்பி வெச்சா எப்படி?"

"நான் எங்க திருப்பினேன்?"

"நீ திருப்பல. உன் கை திருப்புது. இப்ப பாரு." ஒரு பாட்டிலைத் துடைத்து மேடையில் வைத்தார். அவள் அடுத்ததை அவர் கையில் கொடுக்கப் போனாள். போகிற போக்கில் அவளுடைய இடது கை அந்தப் பாட்டிலின் கழுத்தைத் தொட்டு, லேசாக ஒரு திருகு திருகிவிட்டு வந்தது.

இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேடையைக் குனிந்து பார்த்தாள். பாட்டில் வார்க்கும் அச்சு இரண்டு பாதியாக இருக்கும். அந்தப் பாதிகள் சேரும் இடத்தில், பாட்டிலின் இரு பக்கமும் மேலிருந்து கீழே மயிரிழைபோல ஒரு கோடு ஓடும். அதை அச்சுக்கோடு என்பார்கள். மேடையில் இருந்த முப்பது நல்ல பாட்டில்களிலும் அச்சுக்கோடு வலது ஓரத்தில் ஒன்று, இடது ஓரத்தில் ஒன்று என்று அணிவகுத்து நின்றது. முகப்பில் ஒரு கோடும் இல்லை.

தொழிற்சாலைப் பழக்கம் அது. நல்ல பாட்டிலை வைக்கும்போது கோடு பக்கவாட்டில் போக வேண்டும், அப்போதுதான் முகப்பில் சீட்டு ஒட்டும் இயந்திரத்துக்கு வழவழப்பான இடம் கிடைக்கும். கெட்டதை வைக்கும்போது குறை இருக்கும் பக்கம் முன்னால் தெரிய வேண்டும், அப்போதுதான் மேற்பார்வையாளர் வந்து "இது ஏன் கெட்டது?" என்று கேட்க மாட்டார். பதினோரு ஆண்டுகள் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் வைத்த கை, படிக்க வந்த இடத்திலும் அப்படியே வைத்திருக்கிறது. நல்ல பாட்டில் படம் ஒன்றில்கூட அச்சுக்கோடு நடுவில் வரவில்லை. கெட்ட பாட்டில் படங்களில் எங்கெங்கோ வந்தது. கணினி குறையைத் தேடவே இல்லை. நடுவில் கோடு தெரிந்தால் கெட்டது, தெரியாவிட்டால் நல்லது என்று சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டு, தொண்ணூற்றொன்பது மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

"ஏங்க" என்றாள் அவள். "நீங்க தெய்வம்."

"பாட்டில் தொடைச்சதுக்கா?"

"கண்டபடி வெச்சதுக்கு."

திங்கட்கிழமை காலை தசமத்திடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. நிரல் எந்த இடத்தைப் பார்த்து முடிவு சொல்கிறது என்பதைச் சிவப்பாகக் காட்டும் வழி ஒன்று உண்டு. அதைப் போட்டுப் பார்த்தான். தேர்வாளரின் நல்ல பாட்டில்களின் மேல், சரியாக அச்சுக்கோட்டின் மேல், தலையிலிருந்து கால்வரை சிவப்பு வழிந்திருந்தது. தசமம் நாற்காலியில் சாய்ந்தான்.

"அப்போ நம்ம தொண்ணூத்தொம்பது புள்ளி மூணு ஏழு..."

"அது என் கைக்குப் போட்ட மார்க்குடா. கேமரா கண்ணுக்கு இனிமேதான் வரணும்."

அவன் எழுந்துபோய் வெள்ளைப் பலகையைத் தானே அழித்தான். பெட்டிக் கோடு மட்டும் போகாமல் அடம்பிடித்தது.

தசமத்தின் அம்மா கேக் அலங்காரம் செய்பவர். அவருடைய சுழல்தட்டு அன்றே ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் விளிம்பில் கடிகாரம்போலப் பன்னிரண்டு குறிகள் இட்டார்கள். பாட்டிலை அதன் மேல் தசமம்தான் வைக்க வேண்டும், அவள் தொடவே கூடாது என்று ஏற்பாடு. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க, அவன் ஒவ்வொரு குறிக்கும் தட்டைத் திருப்பிப் பன்னிரண்டு படம் எடுத்தான். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் தட்டு சுற்றியது. வெள்ளிக்கிழமை மாலை எண் வந்தது.

"எண்பத்துநாலு புள்ளி அஞ்சு பூஜ்யம்" என்றான், துக்கம் விசாரிக்கும் குரலில்.

நேர்மையான எண்தான். ஆனால் இருபதில் பதினேழைத் தாண்டாது. விரிசல் பிடிபட்டது, கல் துகள் பிடிபட்டது. பிடிபடாமல் நழுவியது பெரும்பாலும் ஒரே வகை: பாட்டிலின் சுவர் ஓரிடத்தில் மட்டும் மெலிந்துபோவது. தொழிற்சாலைப் பெண்கள் அதைத் தோல் என்பார்கள். பார்க்க நல்ல பாட்டில்போலவே இருக்கும். சூடான எதையாவது ஊற்றினால் அந்த இடத்தில்தான் முதலில் உடையும். அவள் பதினோரு ஆண்டும் தோலைத் தவறவிட்டதில்லை. எப்படிப் பிடித்தாள் என்று தசமம் கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை. "தெரியும்டா. பாத்தா தெரியும்." கணினிக்கு அந்தப் பதில் போதாது.

இன்னும் சில தோல் பாட்டில்கள் கிடைத்தால் பழக்கிப் பார்க்கலாம் என்று சனிக்கிழமை தொழிற்சாலைக்குப் போனாள். பார்வை வரிசைக்குத் தலைவி, டார்ச்சு என்று பெயர் எடுத்தவள். அவள் பார்த்தால் இருட்டில் வெளிச்சம் அடித்ததுபோல் இருக்கும்.

"வாடி வா! கண்ணு போச்சுன்னு அனுப்பிவெச்சா, கம்ப்யூட்டருக்குக் கண்ணு குடுக்கப் போனவளே! குடுத்தாச்சா?"

"பாதி குடுத்திருக்கேன்க்கா. மாறுகண்ணா இருக்கு."

டார்ச்சு உரக்கச் சிரித்தாள். பக்கத்தில் நாலு பெண்கள் கையை நிறுத்தாமலே சிரித்தார்கள். கழிவுத் தொட்டியிலிருந்து வேண்டியதைப் பொறுக்கிக்கொள் என்று சொல்லிவிட்டு, காலியாக இருந்த பாட்டிலக்காவின் பழைய முக்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். அவள் உட்கார்ந்தாள். ஒரு பாட்டிலை எடுத்தாள். விளக்குப் பெட்டிக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள்.

"பாரு பாரு" என்றாள் டார்ச்சு. "ரெண்டு வருஷம் படிச்சாலும் புத்தி மாறல. கை விளக்கைவிட அரையடி மேலதான் போகுது. மேனேஜர் பாத்தா இப்பவும் திட்டுவாரு."

அவள் தன் கையைப் பார்த்தாள். உண்மைதான். பாட்டில் விளக்குப் பெட்டிக்கு நேரே இல்லை. அதற்கு மேலே, எதிர்ச் சுவரில் இருந்த ஜன்னலுக்கு நேரே இருந்தது. கிடைமட்டமாகப் பலகைச் சட்டங்கள் அடுக்கிய பழைய ஜன்னல். வெளிச்சமும் நிழலும் மாறி மாறிக் கோடு கோடாகத் தெரியும். விளக்குப் பெட்டி பிறகு வந்தது. நல்ல வெள்ளை வெளிச்சம், இதில்தான் பார்க்க வேண்டும் என்று உத்தரவும் கூடவே வந்தது. மேலாளர் இருக்கும்போது பெண்கள் விளக்கில் பார்ப்பார்கள். அவர் தலை மறைந்ததும் எல்லாக் கையும் அரையடி உயரும். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பக்கத்து முக்காலியைப் பார்த்துப் பழகியதுதான்.

பாட்டிலுக்குள் ஜன்னல் சட்டங்கள் நேராக, ஏணிப்படிபோல் அடுக்கி நின்றன. அவள் மெல்லத் திருப்பினாள். ஓர் இடத்தில் மூன்று படிகள், கொடியில் ஈரத்துணி போட்டதுபோல் தொய்ந்தன. இன்னும் கொஞ்சம் திருப்பினாள், படிகள் நிமிர்ந்துவிட்டன.

தோல்.

இத்தனை நாளும் கேமராவுக்கு அவள் கொடுத்தது மேலாளரின் விளக்கை. பெண்களின் ஜன்னலைக் கொடுக்கவே இல்லை. வெறும் வெள்ளையில் தோல் எப்படித் தெரியும்? வளைவதற்கு அங்கே ஒரு கோடு வேண்டாமா?

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்ட?"

"அக்கா, உனக்குப் பெரிய சால்வை போத்தணும்."

"சால்வை வேணாம். இந்த முக்காலிக்கு ஒரு மெத்தை வாங்கிக் குடு."

அன்று மாலையே வெள்ளை விளக்கின் மேல் கறுப்பு நாடாவைக் கிடைமட்டமாக வரிவரியாக ஒட்டினார்கள். வரிகளின் அகலத்தை அவள் நினைவிலிருந்து விரலால் காட்ட, தசமம் அதை அளவுகோலில் வைத்து, "ஒண்ணு புள்ளி நாலு சென்டிமீட்டர்" என்று எழுதிக்கொண்டான். அச்சுக்கோடு வரிகளைத் தலைமுதல் கால்வரை ஒரே சீராகத் தொட்டுக்கொண்டு போனது. தோல் ஓரிடத்தில் மட்டும் தொய்ய வைத்தது. இரண்டும் வேறு வேறு என்று முதன்முறையாகப் படத்திலேயே தெரிந்தது. ஞாயிறும் திங்களும் தட்டு நிற்காமல் சுற்றியது. செவ்வாய் மதியம் நிரல் பழகி முடித்தது. தசமம் திரையைப் பார்த்துவிட்டு உடனே அணைத்தான்.

"என்னடா, எவ்வளவு?"

"சொல்ல மாட்டேன். போன தடவை சொல்லிச் சொல்லித்தான் இப்படி ஆச்சு. நல்லாருக்கு. அவ்ளோதான்."

தசமம் எண் சொல்லாமல் இருந்தது அதுவே முதல் தடவை.

புதன்கிழமை மரப்பெட்டி மறுபடி வந்தது. தேர்வாளர் கறுப்பு வரிகளையும் கேக் தட்டையும் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். துறைத் தலைவியின் பேனா திறந்தது. சுவரோரக் கூட்டம் போன தடவையைவிடப் பெரிதாக இருந்தது. விழுவதைப் பார்ப்பதற்கு எப்போதும் ஆள் கூடத்தான் செய்யும்.

ஒவ்வொரு பாட்டிலுக்கும் தட்டு பன்னிரண்டு முறை திரும்ப வேண்டும். பன்னிரண்டில் ஒன்று சிவந்தாலும் கெட்டது. பன்னிரண்டும் பச்சையானால்தான் நல்லது. முதல் மூன்றும் சரி. நாலாவதில் அடியோரத்துக் குமிழி ஒன்றைக் கேமரா தவறவிட்டது. அதற்குப் பிறகு ஆறும் சரி. பதினோராவது நல்ல பாட்டில் சிவந்தது. அவள் குனிந்து பார்த்தாள். கழுத்தில் பெருவிரல் ரேகை ஒன்று அப்பிக் கிடந்தது. தட்டில் வைத்தவன் தசமம்.

"ஐயோ" என்றான் அவன். "என் கை."

"இருக்கட்டும். ஒரு தடவை என் கை, ஒரு தடவை உன் கை" என்றாள். அவன் அதற்கு மேல் பாட்டில்களைத் துணி சுற்றித்தான் எடுத்தான்.

பன்னிரண்டிலிருந்து பத்தொன்பது வரை ஒன்றுகூடப் பிசகவில்லை. பத்தொன்பதுக்குப் பதினேழு. யார் கணக்குப் போட்டாலும் ஒரே விடைதான்: கடைசிப் பாட்டில் சரியாக வந்தாக வேண்டும்.

இருபதாவது பாட்டிலைத் தேர்வாளர் தானே துணி சுற்றி எடுத்து வைத்தார். தட்டு திரும்பியது. பச்சை, பச்சை, பச்சை. எட்டாவது குறி வரை பச்சை. ஒன்பதில் திரை சிவந்தது.

தேர்வாளர் பட்டியலில் விரலை வைத்தார். ஒரு மூச்சு விட்டார். "இது நல்ல பாட்டில்மா. இருபதுக்குப் பதினேழு."

துறைத் தலைவி தாளின் பக்கம் குனிந்தார். தசமம் அவள் காதருகே வந்து, "விடுங்கக்கா. மறுபடி விண்ணப்பம் போடலாம். பதினேழு ஒண்ணும் மோசமில்ல" என்றான்.

அவள் பாட்டிலைப் பார்த்தாள். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் உற்றுப் பார்த்தாள். வழவழவென்று, பழுதற்ற பாட்டில். அவள் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிறகு திரையைப் பார்த்தாள். ஒன்பதாவது படம். பாட்டிலின் தோளில், கழுத்துக்குக் கீழே, மூன்று கறுப்பு வரிகள் தொய்ந்திருந்தன. மிக லேசாக. முன்பென்றால் அவள் கண் பார்த்திருக்கும். இன்று கேமரா பார்த்திருக்கிறது. தன் கண்ணையா அதன் கண்ணையா, எதை நம்புவது என்று அவள் யோசித்தது ஒரு நொடிதான்.

"சார், மன்னிச்சுக்கங்க. உங்க பட்டியல்தான் தப்பு."

சுவரோரத்தில் யாரோ "அடேயப்பா" என்றார்கள்.

தேர்வாளருக்குக் கோபம் வரவில்லை, வேடிக்கையாகத்தான் இருந்தது. "இந்தப் பாட்டில் மூணு வருஷமா என் பெட்டியில இருக்கும்மா. எத்தனை காலேஜ் பாத்திருக்கு தெரியுமா? ஒருத்தர்கூட இதைக் கெட்டதுன்னு சொன்னதில்ல."

"எல்லாரும் வெள்ளை விளக்குல பாத்திருப்பாங்க சார். உங்ககிட்ட தடிமன் அளக்கற கருவி இருக்குமே. தோள்ல, இதோ இந்த இடத்துல வெச்சுப் பாருங்க. தோலா இருக்கும்."

"தோலா?"

"மெலிசு சார். ரொம்ப மெலிசு."

அவர் பெட்டியின் அடித்தட்டிலிருந்து கருவியை எடுத்தார். தோளைச் சுற்றி ஒவ்வோர் இடமாக வைத்து மில்லிமீட்டர் கணக்கை வாய்விட்டுப் படித்தார். "ரெண்டு புள்ளி நாலு. ரெண்டு புள்ளி அஞ்சு. ரெண்டு புள்ளி நாலு." அவள் காட்டிய இடத்துக்கு வந்ததும் படிப்பதை நிறுத்தினார். கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மூன்றாம் முறையும் வைத்தார்.

தசமத்தால் பொறுக்க முடியவில்லை, எட்டிப் பார்த்துவிட்டான். "பூஜ்யம் புள்ளி ஒம்போது!" என்று கத்தினான். "அக்கா, பூஜ்யம் புள்ளி ஒம்போது!"

தேர்வாளர் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. "மூணு வருஷம்! மூணு வருஷமா இதை நல்ல பாட்டில்னு ஊர் ஊரா தூக்கிட்டுத் திரியறேன்!" சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பட்டியலின் கடைசி வரியை அடித்து, பக்கத்தில் திருத்தி எழுதிக் கையெழுத்தும் போட்டார். "மேடம், இருபதுக்குப் பதினெட்டு. எழுதிக்கங்க. அம்மா, அந்த மாமியார் பேச்சை நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"அவங்க கேட்டா சந்தோஷப்படுவாங்க சார்."

"அவங்க காதுக்குப் போகக் கூடாதுன்னுதானே வாபஸ் வாங்கறேன்."

அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்பது அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. கைதட்டல் ஆய்வுக்கூடத்துத் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. துறைத் தலைவி, சிரிப்பதே அபூர்வமான அந்த அம்மாள், தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். தசமம் வெள்ளைப் பலகைக்கு ஓடி, அழியாமல் கிடந்த அந்தப் பழைய பெட்டிக்குள் "90.00" என்று எழுதினான். எழுதிவிட்டு எட்ட நின்று பார்த்தான். தொண்ணூற்றொன்பதைவிட அது அழகாக இருக்கிறது என்று அவனே சொன்னான்.

தேர்வாளர் இருபதாவது பாட்டிலைப் பெட்டியில் வைக்காமல் அவளிடம் நீட்டினார். "இனி இது எனக்கு எதுக்கு? நீயே வெச்சுக்கம்மா. நீ புடிச்சது."

வராந்தாவில் நின்று தொழிற்சாலைக்குத் தொலைபேசியில் பேசினாள். டார்ச்சுதான் எடுத்தாள். "சொல்லுடி, மாறுகண்ணு சரியாச்சா?"

"ஆச்சுக்கா. பதினெட்டு. இப்ப ஒரு வேலை செய். கேமரா அறையில வெள்ளை விளக்கு மாட்டறதுக்கு ஆள் வந்தா நிறுத்தி வை. நான் வந்து சொல்றபடிதான் மாட்டணும்."

"உத்தரவு மகாராணி. என் மெத்தை?"

"ரெண்டு மெத்தை."

சாயங்கால வண்டி வாசலுக்கு வந்து நின்றது. கதவு திறந்தது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து கணவர் கண்ணாடியில் பார்த்தார். அவள் பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். அவர் ஒலிப்பானில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. வாசல் காவலாளி துள்ளி எழுந்தார், மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன, பின்னிருக்கைக்காரர் ஒருவர், "என்னப்பா, முன்னால யாருமே இல்லையே, யாருக்கு அடிக்கற?" என்று சத்தம் போட்டார்.

"என் வீட்டம்மாவுக்குங்க!" என்றார் ஓட்டுநர். "பாஸ் பண்ணிட்டாங்க!"

வண்டியே திரும்பிப் பார்த்தது. அவள் வெட்கப்பட்டுக்கொண்டு தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, பாட்டிலை மடியில் நிறுத்தினாள். இடது கை தன் பாட்டுக்குப் போய் அதன் கழுத்தை ஒரு திருகு திருகி, அச்சுக்கோட்டைப் பக்கவாட்டில் கொண்டுவந்து நிறுத்தியது. அவள் அதைப் பார்த்தாள், சிரித்தாள், பிறகு வேண்டுமென்றே பாட்டிலைக் கண்டபடி திருப்பி வைத்துக்கொண்டாள்.